வைரியும் நாலாம் நம்பர் சிரிப்பும்

உட்காருங்கள். இந்தப் பக்கமாக உட்காருங்கள், அந்த முனையில் பெஞ்சு ஆடும். பூங்காப் பெஞ்சைச் சரிசெய்யச் சொல்லி நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் மூன்றாம் தெரு மாடி வீட்டுக்குப் புதிதாக வந்தவர்தானே? அப்படியானால் என்னைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். சிரிப்புக்கு எதிராக மனுக் கொடுத்த கலியமூர்த்தி என்று. ஆமாம், நான்தான். தகவல் சரி, ஆனால் முழுமையானதில்லை. பொன்னி நகரில் எந்தத் தகவலும் முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை. நான் சிரிப்புக்கு எதிரி இல்லை. ஒரு பறவையைப் படம் எடுக்கப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது.

பறவையின் பெயர் வைரி. வல்லூறு என்றும் சொல்வார்கள். பருந்து இல்லை. இந்த நகரில் வளைந்த அலகோடு எது பறந்தாலும் பருந்து என்பார்கள், கொஞ்சம் பெரிதாக இருந்தால் கழுகு என்பார்கள். கிளி பச்சையாக இருப்பதால் தப்பித்தது. வைரி புறா அளவுதான் இருக்கும். முதுகு சாம்பல் நிறம். மார்பில் செம்பழுப்பாக மெல்லிய குறுக்குக் கோடுகள், கண் சிவப்பு. அதோ அந்தத் தூங்குமூஞ்சி மரம் தெரிகிறதா? அதன் இலைக்குள் வந்து உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருக்கும். இது ஒன்றும் செய்யப்போவதில்லை என்று நாம் முடிவு செய்யும்போது பாயும்.

அந்தப் பாய்ச்சலைத்தான் எடுக்க வேண்டும் என்று இருந்தேன். உட்கார்ந்திருக்கும் வைரியை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். என்னிடமே நூற்றிருபது படம் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே முகம், ஆதார் அட்டைக்கு எடுத்த மாதிரி.

காமிரா மகள் வாங்கிக் கொடுத்தது. நான் ஓய்வு பெற்ற மாதம் வந்து இறங்கியது. அப்பா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அம்மாவுக்குக் கஷ்டம் என்று சொன்னாளாம். என்ன கஷ்டம் என்று அவள் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. விளக்கம் இல்லாத குறிப்பைக் கோப்பில் சேர்ப்பதில்லை என்பது என் பழக்கம்.

நான் ஒரு மாவட்ட அலுவலகத்தில் மனுப் பிரிவில் இருந்தேன். இருபத்தொன்பது வருடம். ஒரு மனுவின் முதல் வரியைப் பார்த்ததும் அது பிழைக்குமா சாகுமா என்று சொல்லிவிடுவேன். ‘பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர்’ என்று ஆரம்பித்தால் செத்தது. பொதுமக்கள் எப்போதும் அவதிப்படுகிறார்கள், அது செய்தி இல்லை. ‘சென்ற செவ்வாயன்று எங்கள் தெருக் குழாயில் ஒரு தவளை வந்தது’ என்று ஆரம்பித்தால் பிழைத்தது. அதிகாரி நிமிர்ந்து உட்காருவார். ஆகவே ஒவ்வொரு மனுவிலும் ஒரு தவளை வேண்டும். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் வாழ்க்கையில் பயன்படும். எனக்குப் பயன்பட்டது என்று சொல்ல முடியாது.

புரட்டாசி மாதம் ஆரம்பித்தேன். ஐந்தரைக்கு எழுந்து, மங்கையர்க்கரசி போட்டுக் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, ஆறு மணிக்குள் இந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முக்காலியை விரித்துவிடுவேன். மங்கையர்க்கரசி என் மனைவி. நகரில் எல்லோரும் மங்கை அக்கா என்பார்கள். நான் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். பெயர் வைத்தவர்கள் பாதி பெயரா வைத்தார்கள்? நான் போன பிறகு அவளும் நடக்கக் கிளம்பிவிடுவாள்.

இந்த இட்லிப்பூ வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு மன்றம். நீங்கள் கேட்டிருப்பீர்கள், மூன்றாம் தெரு வரைக்கும் வரும். நடத்துபவர் அருள்தாஸ், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் விசிலைக் கழற்றவில்லை. சிரிப்புக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கிறார். ஒன்றாம் நம்பர் மோர்ச் சிரிப்பு, மோர் ஆற்றுகிற மாதிரி கையை ஏற்றி இறக்கிச் சிரிப்பது. இரண்டாம் நம்பர் செல்போன் சிரிப்பு. மூன்றாம் நம்பர் சிங்கச் சிரிப்பு, நாக்கை வெளியே நீட்டி. சிங்கம் சிரிக்காது என்று ஒருநாள் பூங்கா வாசலில் வைத்துச் சொன்னேன். “தெரியும் சார், அதான் அதுக்கும் சேத்து நாம சிரிக்கிறோம்” என்றார். இவரிடம் என்ன வாதம் செய்வது?

நாலாம் நம்பர் சுதந்திரச் சிரிப்பு. அவரவர் விருப்பப்படி சிரிக்கலாம். ஆறு நாற்பதுக்கு விசில் அடிப்பார், ஆரம்பித்துவிடும்.

முதல் மூன்று நம்பரை நான் பொறுத்துக்கொண்டேன். அவை ஒரு மாதிரி ஒரே சீராக இருக்கும், நெல் அரைக்கும் மில் பக்கத்தில் குடியிருப்பது போலப் பழகிவிடும். நாலாம் நம்பரில்தான் பிரச்சினை. அதில் ஒரு குரல். ஒரு பெண்ணின் சிரிப்பு. எப்போது வரும் என்று எதிர்பார்க்கவே முடியாது. வந்தால் கை ஆடிவிடும். கை ஆடினால் காமிரா ஆடும். சொல்லி வைத்தாற்போல அந்த நேரத்தில்தான் வைரி பாயும். பதினோரு பாய்ச்சல், பதினோரு கலங்கல் படம். வேலியும் வானமும் குழம்பிக் கிடக்கும், பறவை இருக்கும் இடம் தெரியாது.

தை பிறந்ததும் மனு எழுதினேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம், இதோ இந்தக் கொட்டகையில்தான். வருகிற மனுவைத் தலைவர் முழுதுமாக வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் கொண்டுவந்தது நான். முன்பெல்லாம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

தலைவர் பாட்சா பாய், பஜாரில் ஹார்டுவேர்க் கடை வைத்திருக்கிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பொருள், பார்வை, எல்லாம் முறையாக இருந்தது. மூன்றாவது பத்தியில் தவளை இருந்தது. எனக்கு மனப்பாடம், சொல்கிறேன்: ‘குறிப்பாக, தினமும் காலை ஆறு நாற்பது மணியளவில் ஒரு பெண்மணி எழுப்பும் ஒலி கவனத்துக்குரியது. அடிபம்பில் முதல் இரண்டு அடிக்கு வெறுங்காற்று வந்து, மூன்றாவது அடிக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வருவதை இது ஒத்திருக்கிறது. இதனைச் சிரிப்பு என வகைப்படுத்த இயலுமா என்பது ஐயத்துக்குரியது.’

பாய் பாதியிலேயே வேகம் குறைந்தார். ‘ஒத்திருக்கிறது’ என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் விதி விதிதான், முடித்தார். கூட்டத்தில் நாற்பது பேர் இருப்பார்கள், அதில் பாதி சிரிப்பு மன்றத்து ஆட்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தவளை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அந்தப் பம்பு நான்தாங்க.”

மங்கையர்க்கரசி எழுந்து நின்றிருந்தாள். பேசுகிற குரல் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை.

“அவர் சொல்றது சரிதான். காலங்காத்தால தொந்தரவுதான். நாலாம் நம்பரை நிறுத்திடுங்க மாஸ்டர்” என்றாள். சொல்லிவிட்டு வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனு அரை நிமிடத்தில் ஏற்கப்பட்டது. என் அனுபவத்தில் இவ்வளவு விரைவாக ஏற்கப்பட்ட மனு வேறு கிடையாது.

கூட்டம் கலைந்த பிறகு பாட்சா பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சார், அடுத்த தடவை மனு எழுதினா எங்கிட்ட முதல்ல காட்டிடுங்க.”

“ஏன் பாய், பிழை ஏதாவது இருந்ததா?”

“எழுத்துல ஒண்ணும் இல்ல சார்” என்றார்.

நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. எல்லோரும் கேட்டதுதான். கட்டின மனைவியின் சிரிப்பு உங்களுக்குத் தெரியாதா என்று. வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது என்பது ஒரு காரணம். அவள் நடக்கத்தானே போனாள் என்பது இன்னொன்று. மூன்றாவது, முப்பத்துநாலு வருடமாக நான் அதைக் கேட்டதில்லை. அவள் சிரித்ததே இல்லை என்று சொல்லவில்லை. புன்னகை உண்டு. கல்யாணமான புதிதில் ஒருமுறை சினிமா தியேட்டரில் சத்தமாகச் சிரித்தாள், முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்க்கிறார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். தகவலாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பிரச்சினை வரவே இல்லை. எங்களுக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது, நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

மறுநாளிலிருந்து அவள் காலையில் வெளியே போகவில்லை. முழங்கால் வலி என்றாள். வீட்டில் வேறு மாற்றம் இல்லை. காபி அதே சூட்டில் வந்தது. பேசவில்லை என்றும் சொல்ல முடியாது, கேட்டால் பதில் சொன்னாள். எப்போதும் போன்ற அமைதிதான் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து மகள் எனக்குப் போன் செய்தாள். வழக்கமாக அவள் அம்மாவுக்குத்தான் செய்வாள்.

“அப்பா, அம்மா ஏன் மறுபடி பழைய மாதிரி ஆயிட்டாங்க?”

“பழைய மாதிரி என்றால்?”

“போன வருஷம் மாதிரி. சரி, ம், ஆகட்டும். அவ்வளவுதான் பேசறாங்க. நடுவுல நாலு மாசம் போனை வைக்கவே விடமாட்டாங்க. அந்த மாஸ்டர் நாக்கை நீட்டினதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. என்ன பண்ணீங்க?”

மனு ஒன்று கொடுத்ததாகச் சொன்னேன். அவள் வைத்துவிட்டாள்.

பூங்காவிலும் அமைதிதான். மோர்ச் சிரிப்பு, செல்போன், சிங்கம், அதோடு முடித்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். ஆறு நாற்பதுக்கு இலை விழுந்தால் கேட்கும். இவ்வளவு நல்ல சூழ்நிலை ஒரு படப்பிடிப்பாளனுக்கு அமையாது. வைரி வந்தது, உட்கார்ந்தது. ஒன்றும் செய்யவில்லை. நான்கு நாள் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது. ஐந்தாம் நாள் வரவில்லை. பிறகும் வரவில்லை.

நான் குறிப்பேடு வைத்திருப்பவன். நேரம், காற்று, எந்தக் கிளை, எல்லாம் எழுதி வைப்பேன். வேறு வேலை இல்லாததால் அதை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். பதினோரு பாய்ச்சல் என்றேன் அல்லவா? அதில் ஒன்பது, நாலாம் நம்பர் தொடங்கி அரை நிமிடத்துக்குள் நடந்திருக்கின்றன. காமிராவில் தவறிப்போய் வீடியோவாகப் பதிவானவை இரண்டு இருந்தன. போட்டுப் பார்த்தேன். படம் ஆடுகிறது, ஒலி தெளிவு. காற்று, காற்று, பிறகு தண்ணீர். அந்தத் தண்ணீர் கொப்பளித்ததும் இந்த வேலிக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டும் அலறிக்கொண்டு வெளியே கொட்டுகின்றன. கொட்டியதும் மேலிருந்து வைரி விழுகிறது. விஷயம் இதுதான். நாலு மாதமாக அந்தச் சிரிப்பை நான் தொந்தரவு என்று நினைத்திருந்தேன். அந்தத் தொந்தரவுதான் வைரிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது.

அந்த வீடியோ இரண்டையும் பல தடவை கேட்டேன். ஆய்வுக்காகத்தான்.

அருள்தாஸிடம் போய் நாலாம் நம்பரைத் திரும்பத் தொடங்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுத்துமூலம் கொடுத்தேன். தொடங்கினார்கள். இருபது பேர் இரண்டு நிமிடம் சிரித்தார்கள். ஒரு குருவி நகரவில்லை.

“சார், தப்பா நினைக்காதீங்க” என்றார் அருள்தாஸ். “நாங்க எல்லாரும் அடுத்தவங்களைப் பாத்துச் சிரிக்கிற ஆளுங்க. அக்காதான் ஸ்டார்ட்டர். அது இல்லாம மோட்டார் ஓடாது.”

வீட்டுக்கு வந்தேன். மங்கையர்க்கரசி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்து விளக்கினேன். தேதிவாரியாகச் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

“அதனால?” என்றாள்.

“அதனால நாளைக்கு ஆறு நாப்பதுக்கு வந்து ஒரு தடவை சிரிச்சாப் போதும்.”

“பருந்துக்காகவா?”

“வைரி.”

“சரி. வைரிக்காகவா?”

“ஆமா.”

கீரைக் காம்பு ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். “வராதுங்க” என்றாள்.

“வரும். ஒன்பது தடவை வந்திருக்கு. நேரத்தோட எழுதி வெச்சிருக்கேன்.”

“பறவையைச் சொல்லல” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நான் யோசித்தேன். அவளால் முடியாது என்றால் வேறு யாராவது அந்த ஒலியை எழுப்ப வேண்டும். அந்த ஒலியை நன்றாக அறிந்தவர் யார்? இருபது தடவைக்கு மேல் கேட்டவன் நான். ஆனால் நான் வட்டத்தில் நின்றால் காமிராவை யார் இயக்குவது? சாயங்காலம் அவளிடம் மறுபடி போனேன். பொத்தானை மட்டும் அழுத்தித் தர முடியுமா என்று கேட்டேன்.

“அழுத்தறதுக்குச் சிரிக்க வேண்டாமே?”

“வேண்டாம். சிரிச்சாத்தான் ஆபத்து. கை ஆடும்.”

“அப்ப சரி” என்றாள்.

காலையில் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினோம். தொட்டிக்குப் பின்னால் முக்காலியை விரித்து அவளுக்குக் கற்றுக் கொடுத்தேன். இது குவியம், இது வேகம், அழுத்தினால் விடாமல் எடுத்துக்கொண்டே போகும். நான் காமிராவைத் தூங்குமூஞ்சி மரத்துப் பக்கம் திருப்பினேன். அவள் அதைப் பிடித்து மெதுவாகக் கொட்டகைப் பக்கம் திருப்பினாள்.

“அங்க வராதுங்க இன்னைக்கு. மேல்காத்து அடிக்குது. இப்படி இருந்தாக் கொட்டகைக் கூரைக் குழாய் மேலதான் வந்து உட்காரும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நாலு மாசம் பாத்தேனே. நீங்க அந்த ஓட்டை வழியாப் பாத்தீங்க, நான் சும்மாப் பாத்தேன்.”

ஆறு முப்பத்தைந்துக்கு வைரி வந்தது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு. கொட்டகைக் குழாயின் மேல் உட்கார்ந்தது.

நான் வட்டத்துக்குள் போய் நின்றேன். அருள்தாஸ் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பாட்சா பாய் அன்றைக்குப் பார்த்து நடக்க வந்திருந்தார், அவரும் நின்றுவிட்டார். மோர் ஆற்றினேன். போன் பேசினேன். நாக்கை நீட்டுவதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை, அதைப் பதிவு செய்யச் சொன்னேன். பிறகு நாலாம் நம்பர் விசில். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அதை வரிசைப்படி செய்தேன். மூச்சை இழுத்து முதல் காற்று. இடைவெளி. இரண்டாவது காற்று. இடைவெளி. அதன் பிறகு தண்ணீர் வர வேண்டும். தண்ணீர் வரவில்லை, மறுபடி காற்றுத்தான் வந்தது. விடக்கூடாது என்று இன்னும் இரண்டு அடி அடித்துப் பார்த்தேன். கைகூட அடிபம்பைப் பிடித்த மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்ததாகப் பிறகு பாட்சா பாய் சொன்னார். எனக்குத் தெரியாது. இருபது பேரும் அசையாமல் நின்றார்கள். அருள்தாஸின் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது.

அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து வந்தது.

காற்று இல்லை, எடுத்த எடுப்பிலேயே தண்ணீர். தவிட்டுக்குருவிகள் என் காலுக்கடியிலிருந்து கொட்டின. தலைக்கு மேல் ஏதோ கிழித்துக்கொண்டு போனது. காதில் காற்றுப் பட்டது. நாலு மாதம் காத்திருந்த பாய்ச்சல், கையெட்டும் தூரத்தில். நான் பார்க்கவில்லை. நான் திரும்பியது சத்தம் வந்த பக்கம். பறவை போனது எதிர்ப்பக்கம்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்திருந்தாள். முக்காலியோடு காமிராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரிக்கிறாள். அப்படித்தான் சிரிப்பாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவும் இல்லை. டிக் டிக் டிக் என்று அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து வட்டம் முழுக்க மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. பாட்சா பாய் இதோ இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கண்ணை மூடிக்கிட்டா படம் எடுப்பாங்க?” என்று கேட்டேன்.

“உங்களை அப்படிப் பாத்துட்டு வேற என்னங்க செய்யறது” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது.

மொத்தம் எண்பத்தாறு படம். வானம், தொட்டி, அருள்தாஸின் கான்வாஸ் ஷூ, என் முதுகு. நாற்பத்தோராவதில் மட்டும்தான் இருக்கிறது. இருங்கள், போனில் வைத்திருக்கிறேன். இதோ. இந்தச் சாம்பல் கோடு தெரிகிறதா, இடது ஓரத்தில்? அதுதான் வைரி. இல்லை, அது என் காது. இது. படமாகப் பார்த்தால் உபயோகமில்லை. வேகத்தை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்துக் கொடுத்திருந்தேன், அதற்கும் மேல் ஆட்டியிருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இது முழுக்க அவள் தவறு. அவளிடமே சொல்லிவிட்டேன்.

இப்போது தினமும் இப்படித்தான். அவள் காமிராவோடு அங்கே, நான் வட்டத்தில். எனக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. காற்று வரைக்கும் நன்றாக வருகிறது என்று அருள்தாஸ் சொல்கிறார். நேற்று வரை முந்நூற்றுச் சொச்சம் படம் ஆகிவிட்டது, ஒன்றிலாவது பறவையின் தலையும் காலும் சேர்ந்து விழவில்லை. முக்காலியில் பூட்டி வைத்துவிட்டுக் கை படாமல் எடுத்தால் ஆடாது, அதற்கு ஒரு கருவி இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்று மகள் சொன்னாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை.